சூடு என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு சங்கதிகள்

"மிஸ், கொதிக்கிற தண்ணியும் நூறு டிகிரி, ஆவியும் நூறு டிகிரிதானே? அப்புறம் ஏன் ஆவி பட்டா மட்டும் இவ்ளோ கொப்பளிக்குது?"

ஏழாம் வகுப்பு படிக்கும் பெண் கேட்டாள். முந்தின நாள் காலையில் அம்மாவுக்கு ஒத்தாசையாக இட்லிக் கொப்பரையைத் திறந்திருக்கிறாள். மூடியைத் தன் பக்கம் சாய்த்துத் தூக்கியதில் குபீரென்று வந்த ஆவி மணிக்கட்டில் அடித்துவிட்டது. இரண்டு கொப்புளங்களோடு மாலை வகுப்புக்கு வந்தவள், வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இதைத்தான் கேட்டாள்.

திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டு மாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பாடப்புத்தகத்தின் பின்பக்கத்தில் உள்ள கேள்விகளைவிட இந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகப் பட்டது. இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த இரண்டு வரி புரிய வேண்டுமென்றால் முதலில் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் வெப்பம் பற்றி வரும் பாடங்கள் எல்லாமே அந்த ஒரு முடிச்சில்தான் நிற்கின்றன. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு.

பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் சூடு என்றே சொல்கிறோம். "நெத்தியில கை வெச்சுப் பாரு, சூடு எவ்வளவு இருக்கு?" என்றால் அது வெப்பநிலை. "இத்தனூண்டு விறகுச் சூட்டுல இவ்ளோ பெரிய அண்டா எப்படிக் காயும்?" என்றால் அது வெப்பம். பேசும்போது எந்தக் குழப்பமும் வருவதில்லை. இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். பாடத்துக்கு வரும்போதுதான் சிக்கல். "வெப்பம் என்பது ஒரு வகை ஆற்றல். வெப்பநிலை என்பது பொருள் எந்த அளவுக்குச் சூடாக இருக்கிறது என்பதன் அளவு" என்று மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அடுத்த பக்கத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

நான் கம்பி மத்தாப்பிலிருந்து தொடங்குவேன். தீபாவளிக்கு மத்தாப்பு பிடிக்காத பிள்ளை கிடையாது. அதிலிருந்து தெறிக்கும் பொறிகள் ஆயிரம் டிகிரிக்கும் மேல் சூடானவை. அவை புறங்கையில் விழுந்தால் சுருக்கென்று ஊசி குத்தியதுபோல் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் 70 டிகிரித் தண்ணீர் ஒரு சொம்பு கையில் கொட்டினால் தோல் வெந்துவிடும். ஆயிரம் பெரிதா, எழுபது பெரிதா? வெப்பநிலையில் ஆயிரம் பெரிது. ஆனால் பொறி என்பது தூசி அளவு உலோகத் துணுக்கு. அதனிடம் கொடுப்பதற்கு இருக்கும் வெப்பம் ஒரு துளி. சொம்புத் தண்ணீரிடம் இருப்பது அப்படியல்ல.

அதே மத்தாப்பு எரிந்து முடிந்தபின் அந்தக் கம்பியை மிதித்தவர்களைக் கேளுங்கள். பொறியைவிடக் கம்பி குறைந்த வெப்பநிலையில்தான் இருக்கும். ஆனால் அது தூசி இல்லை, முழு நீளக் கம்பி. பொறி செய்யாததை அது செய்துவிடும். எரிந்த கம்பிகளைப் போட ஒரு பக்கெட் தண்ணீரைப் பக்கத்திலேயே வையுங்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் வெப்பம் எந்தப் பக்கம் போகும்? நிறைய வைத்திருப்பவரிடமிருந்து குறைவாக வைத்திருப்பவருக்கா? இல்லை. கைக்குழந்தைக்குக் காய்ச்சிய பாலை டம்ளரோடு தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து ஆற்றுகிறோமே, அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வெப்பம் வேண்டும். பாலையும் தண்ணீராகவே வைத்துக்கொள்வோம். டம்ளரில் 200 கிராம் பால், 80 டிகிரி. பாத்திரத்தில் 5 லிட்டர் தண்ணீர், 28 டிகிரி. சைபர் டிகிரியிலிருந்து எண்ணினால் பாலிடம் இருப்பது 16,000 கலோரி. பாத்திரத்துத் தண்ணீரிடம் இருப்பது 1,40,000 கலோரி. கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. ஆனாலும் வெப்பம் பாலிலிருந்துதான் தண்ணீருக்குப் போகிறது. கடைசியில் இரண்டும் 30 டிகிரியில் வந்து நிற்கும்.

பள்ளத்தை நோக்கித்தான் வெள்ளம் பாயும். ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும், அதைவிட உயரத்தில் இருக்கும் ஒரு குடத்துத் தண்ணீர்தான் ஏரிக்கு இறங்குமே தவிர, ஏரித் தண்ணீர் குடத்துக்கு ஏறாது. தண்ணீரின் அளவு வெப்பம் என்றால், அது நிற்கும் மட்டம் வெப்பநிலை. எது எதற்குக் கொடுக்கும் என்று தீர்மானிப்பது மட்டம். எவ்வளவு கொடுக்க முடியும் என்பது அளவைப் பொறுத்தது.

இங்கே கலோரி பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. பிஸ்கட் பாக்கெட்டில் கலோரி என்று எழுதியிருப்பது நாம் மேலே சொன்ன கலோரியைப்போல் ஆயிரம் மடங்கு. உண்மையில் அது கிலோ கலோரி. இப்போதைய பாடங்களில் ஜூல் என்ற அலகைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு கலோரி ஏறக்குறைய 4.18 ஜூல். நான் கலோரியையே பிடித்துக்கொள்வதற்குக் காரணம், தண்ணீர் கணக்கு மனதுக்குள்ளேயே போட வரும் என்பதுதான்.

அடுப்பு எரிகிறது, டிகிரி ஏறவில்லை

விடுமுறை நாளில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, இதைச் செய்து பார்க்கலாம். ஆய்வகத்தில் இருக்கும் 110 டிகிரி வரை காட்டும் வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்ப்பதைக் கொண்டுபோய் வைத்தால் உடைந்துவிடும். அது 42 டிகிரியோடு நின்றுவிடுவது. சின்னப் பாத்திரத்தில் உடைத்த ஐஸ் கட்டிகளைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, அடுப்பைச் சிறு தீயில் வைத்துக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருங்கள். வெப்பமானி பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது.

நாங்கள் செய்தபோது ஒரு பையன் நோட்டில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை டிகிரியை எழுதினான். 0. 0. 0. 1. 0. 0. பக்கத்தில் இருந்தவன் வெப்பமானி கெட்டுப்போய்விட்டது என்றான். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது, வெப்பம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. டிகிரி மட்டும் அசையவில்லை. கடைசி ஐஸ் துண்டு கரைந்ததும் 4, 9, 15 என்று விறுவிறுவென்று ஏறியது. பிறகு கொதிக்கத் தொடங்கியதும் மறுபடி அதே கதை: 100 டிகிரிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. தீயைப் பெரிதாக வைத்தோம். குமிழிகள் கூடின. டிகிரி கூடவில்லை.

சூடாக்கினால் வெப்பநிலை ஏறும் என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது பெரிய அதிர்ச்சி. அந்த அதிர்ச்சி ஒருமுறையாவது ஏற்படட்டும் என்றுதான் நான் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறேன். போன வெப்பம் எங்கே போனது?

பதில் மூலக்கூறுகளில் இருக்கிறது. எந்தப் பொருளிலும் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. அதிர்ந்துகொண்டும் ஓடிக்கொண்டும் இருக்கின்றன. அந்த ஓட்டத்தின் சராசரி வேகம் கூடினால் வெப்பநிலை கூடும். வெப்பமானி பார்ப்பது அதை மட்டும்தான். ஐஸில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்த ஆற்றல் வேண்டும். உள்ளே வரும் வெப்பம் முழுவதும் பிடியைத் தளர்த்துவதற்கே செலவாகிவிடுகிறது. வேகத்தைக் கூட்ட மிச்சம் இல்லை. ஆவியாகும்போது பிடியை அடியோடு அறுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். அதற்கு இன்னும் எவ்வளவோ அதிகம் வேண்டும்.

ஒரு கிராம் ஐஸ் சைபர் டிகிரியிலேயே தண்ணீராக மாற 80 கலோரி. அந்தத் தண்ணீர் 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற 100 கலோரி. 100 டிகிரித் தண்ணீர் அதே 100 டிகிரியில் ஆவியாக மாற 540 கலோரி. கடைசி எண்ணை இன்னொரு முறை பாருங்கள். டிகிரி ஒன்றுகூட ஏறாத அந்தக் கட்டத்துக்குத்தான் செலவு மிக அதிகம்.

சமையலறையிலேயே இதைச் சரிபார்க்கலாம். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வருவதற்கு உங்கள் அடுப்பில் பத்து நிமிடம் ஆகிறது என்றால், அதே தீயில் அது முழுவதும் வற்றிப்போக இன்னும் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். 540ஐ 70ஆல் வகுத்துப் பாருங்கள். சோறு கொதி வந்தபின் தீயைக் குறைக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் தீயைக் கூட்டினாலும் அதே 100 டிகிரிதான். அரிசி வேகும் நேரம் குறையாது. தண்ணீர் சீக்கிரம் வற்றும், கேஸ் சீக்கிரம் தீரும்.

இப்போது கொப்புளத்துக்கு வருவோம். ஒரு கிராம் கொதிநீர் கையில் பட்டால், அது 100 டிகிரியிலிருந்து உடம்புச் சூடான 37 டிகிரிக்கு இறங்கும்போது 63 கலோரியைத் தோலுக்குக் கொடுக்கும். ஒரு கிராம் ஆவி பட்டால் அது முதலில் தோலின்மேல் தண்ணீராகக் குளிர வேண்டும். ஆவியாகும்போது வாங்கிக்கொண்ட 540 கலோரியை அந்த இடத்திலேயே இறக்கி வைத்துவிடும். பிறகு கொதிநீராக நின்று அந்த 63ஐயும் கொடுக்கும். மொத்தம் 603. ஏறக்குறைய பத்து மடங்கு. வெப்பநிலை ஒன்றுதான், வைத்திருந்த வெப்பம் ஒன்றல்ல.

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இட்லி வேகுறதும் அந்த 540னாலயா மிஸ்?" என்றாள். ஆமாம், அதனால்தான். குளிர்ந்த மாவின்மேல் ஆவி வந்து படிந்து தண்ணீராக மாறும்போது விடும் வெப்பம்தான் மாவை வேகவைக்கிறது. அவள் கையைச் சுட்டதும் இட்லியை வேகவைத்ததும் ஒரே வெப்பம்.

இன்னொரு விஷயம். இட்லிக் கொப்பரையிலிருந்து வெள்ளையாக எழும்புவதைத்தான் ஆவி என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. கெண்டி மூக்கில் தண்ணீர் கொதிக்கும்போது உற்றுப் பாருங்கள். மூக்கு நுனிக்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவே ஒன்றுமே இல்லாததுபோல் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கும். நீராவி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதைத் தாண்டிக் காற்றில் குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாக மாறியபின்தான் வெள்ளையாகத் தெரிகிறது. பார்வைக்கு வெறும் இடமாகத் தெரியும் அந்த இடத்தில்தான் விரலை வைக்கவே கூடாது. மூடியைத் திறக்கும்போது எதிர்ப்பக்கம் சாய்த்துத் திறக்க வேண்டும். அப்படியும் சுட்டுவிட்டால், குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். உள்ளே இறங்கிய வெப்பத்தை வெளியே இழுக்க அதுதான் வழி. பற்பசையும் பேனா மையும் வெப்பத்தை வெளியே விடாமல் மூடி வைக்கும்.

வெப்பநிலை ஏறாமல் உள்ளே ஒளிந்துகொள்ளும் இந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். இதைக் கண்டு சொன்னவர் ஜோசப் பிளாக். 1760களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். அதுவரை, ஐஸ் உருகுநிலைக்கு வந்துவிட்டால் இன்னும் கொஞ்சம் வெப்பம் போதும், உடனே தண்ணீராகிவிடும் என்றுதான் அறிஞர்களும் நினைத்திருந்தார்கள். அது உண்மையானால், குளிர்காலம் முடிந்து கொஞ்சம் வெயில் அடித்ததும் மலைப் பனி முழுவதும் ஒரே மூச்சில் உருகி ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டுமே என்று பிளாக் கேட்டார். பனி அப்படி உருகுவதில்லை, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உருகுகிறது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றிலிருந்து எழுந்த கேள்வி அது. வெப்பத்தையும் வெப்பநிலையையும் தெளிவாகப் பிரித்துச் சொன்னவர்களில் அவர் முதன்மையானவர். வெப்பமானி வந்து எவ்வளவோ காலம் கழித்துத்தான் இந்தத் தெளிவு வந்தது என்பதைப் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வேன். இந்தப் பாடம் உடனே பிடிபடவில்லையே என்று ஒரு பிள்ளையும் மனம் சுருங்கக் கூடாது.

வெப்பமானியின் கதையும் அப்படித்தான். ஸ்வீடன்காரரான ஆன்டர்ஸ் செல்சியஸ் 1742இல் தன் அளவுகோலை வெளியிட்டபோது தண்ணீர் கொதிப்பதற்கு 0, உறைவதற்கு 100 என்று வைத்திருந்தார். சில ஆண்டுகளுக்குள் அதைத் திருப்பி வைத்துவிட்டார்கள்.

நூறு டிகிரி என்பது எங்கும் நூறு டிகிரி அல்ல. தண்ணீரின்மேல் காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தத்தை மீறித்தான் குமிழி உருவாக வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும். பிரஷர் குக்கர் இதற்கு நேர் எதிர். ஆவியை வெளியே விடாமல் அடைத்து, வெயிட் போட்டு, உள்ளே அழுத்தத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிடுகிறோம். தண்ணீர் 120 டிகிரி வரை போய்த்தான் கொதிக்கும். டெனி பப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679லேயே இப்படி ஒரு பாத்திரத்தை லண்டனில் செய்து காட்டியிருக்கிறார்.

ஆற்றுவது என்றால் என்ன

கொதித்தால்தான் தண்ணீர் ஆவியாகும் என்பதில்லை. கொடியில் போட்ட துணி எந்த டிகிரியில் கொதித்துக் காய்ந்தது? எந்த வெப்பநிலையிலும் தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டே இருக்கின்றன. நழுவுவது வேகம் அதிகமுள்ளவை. அவை போய்விட்டால் மிஞ்சி இருப்பவற்றின் சராசரி வேகம் குறையும். சராசரி வேகம் குறைந்தால் வெப்பநிலை குறையும். ஆவியாதல் குளிர்விக்கும் என்பதன் பொருள் இவ்வளவுதான்.

டீக்கடை மாஸ்டரைப் பாருங்கள். ஒரு கை தலைக்கு மேல், ஒரு கை இடுப்புக்குக் கீழே. நடுவில் ஒரு கஜ நீளத்துக்கு டீ கயிறுபோல் இறங்குகிறது. டம்ளருக்குள் இருந்தபோது காற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது மேலே ஒரு வட்டம் மட்டும். இப்போது அந்தக் கயிற்றின் நாலா பக்கமும் காற்றைத் தொடுகிறது. வேகமான மூலக்கூறுகள் தப்பிக்க வாசல் பெருகிவிட்டது. டபராவில் ஊற்றிக் காபியை ஆற்றுவதும் அதே வேலை. சூடு ஆறுகிறது, பசி ஆறுகிறது, கோபம் ஆறுகிறது என்று தணிவதற்கெல்லாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அதன் பின்னால் மூலக்கூறுகள் கூட்டம் கூட்டமாக வெளியேறிக்கொண்டிருக்கின்றன என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் ஒரு சிலிர்ப்பு வரும்.

மண்பானையில் நடப்பதும் இதுவே. பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவற்றின் வழியாகத் தண்ணீர் கசிந்து வெளிப்பக்கம் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரம் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். 30 டிகிரிவாக்கில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 580 கலோரி வேண்டும். பத்து லிட்டர் பானையிலிருந்து 200 கிராம், அதாவது ஒரே ஒரு டம்ளர் ஆவியானால் 1,16,000 கலோரி வெளியே போகிறது. வெளிச்சூடு உள்ளே வராமல் தடுக்க முடிந்தால் மீதித் தண்ணீர் கிட்டத்தட்ட 12 டிகிரி குளிர்ந்துவிடும். வெளிச்சூடு வந்துகொண்டே இருப்பதால் நமக்கு அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். பானைக்கு வெளியே பெயின்ட் அடித்தால் துளைகள் அடைபட்டு ஒன்றும் கிடைக்காது. பல வருடம் புழங்கிய பானையிலும் தண்ணீரின் உப்பு படிந்து துளைகள் தூர்ந்துபோகும். பானை புதிதாக இருந்தபோது இருந்த குளிர்ச்சி இப்போது இல்லையே என்று பாட்டிகள் சொல்வது சரியான அவதானிப்பு.

பானைத் தண்ணீர் மதுரையில் ஜில்லென்று இருக்கும், சென்னையில் அந்த அளவுக்கு இருக்காது. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருப்பதால் புதிய மூலக்கூறுகள் வெளியேறுவதைப்போல் பழையவை திரும்பி வந்துகொண்டும் இருக்கும். நம் உடம்பும் ஒரு மண்பானைதான். வியர்வை ஆவியானால்தான் குளிர்ச்சி. வழிந்து ஓடினால் பயனில்லை. வெயில் என்றும் புழுக்கம் என்றும் நாம் இரண்டு சொல் வைத்திருப்பது நல்ல அறிவியல். வெயில் என்பது வெப்பநிலை கூடியது. புழுக்கம் என்பது வியர்வை காய வழி இல்லாதது.

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். வெப்பமானியை விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் வையுங்கள். ஒரு டிகிரிகூட இறங்காது. அதன் குமிழைச் சுற்றி ஈரத் துணியைக் கட்டி மறுபடி வையுங்கள், மளமளவென்று இறங்கும். விசிறி செய்வதெல்லாம் தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றைத் தள்ளிவிட்டு வறண்ட காற்றைக் கொண்டுவருவதுதான். ஆள் இல்லாத அறையில் ஓடும் விசிறி யாரையும் குளிர்விக்கவில்லை. ஹோட்டல் சமையல்கட்டில் பெரிய கேஸ் சிலிண்டரின் அடியில் வெண்பனி படிந்திருப்பதைப் பார்த்திருந்தால் அதுவும் இதே கதை. உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் வேகமாக ஆவியாகும்போது சிலிண்டரின் இரும்பிலிருந்து வெப்பத்தைப் பிடுங்கிக்கொள்கிறது.

ஐஸ் ஹவுஸ்

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கடற்கரைச் சாலையில் ஒரு வட்ட முகப்புக் கட்டடம் இருக்கிறது. இப்போது அது விவேகானந்தர் இல்லம். 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியிருந்தார். ஆனால் அந்தப் பகுதிக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். 1842 வாக்கில் அது அமெரிக்க ஐஸை வைப்பதற்காகக் கட்டப்பட்டது.

பாஸ்டனைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர் என்ற வணிகர், குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளிலிருந்து ஐஸைப் பாளம் பாளமாக அறுத்துக் கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். இந்தியாவுக்கான முதல் சரக்கு 1833 மே மாதம் கிளம்பி, செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தது. ஏற்றியது 180 டன். நான்கு மாதம் கடலில் கிடந்து, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்தும் சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது. பின்னாளில் சென்னைக்கும் அப்படி வந்தது.

பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு, எப்படி உருகாமல் வந்தது என்று கேட்பேன். இரண்டு காரணங்கள். ஒன்று, மரத்தூள், வைக்கோல் போன்றவற்றை ஐஸைச் சுற்றித் திணித்தார்கள். அவற்றின் இடுக்குகளில் அடைபட்டிருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளிப் போர்வையிலும் அதே அடைபட்ட காற்றுதான். போர்வை நமக்குச் சூடு தருவதில்லை. நம் சூட்டை வெளியே விடுவதில்லை. ஐஸைப் போர்வையில் சுற்றினால் சீக்கிரம் உருகிவிடும் என்று வகுப்பில் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து மாற்றிச் சொல்வார்கள்.

இரண்டாவது காரணம் பிளாக் கண்ட அந்த 80 கலோரி. வைக்கோலை மீறி உள்ளே வந்த வெப்பம் ஒவ்வொரு கிராம் ஐஸை உருக்கவும் 80 கலோரி செலவழிக்க வேண்டியிருந்தது. உருகிய ஒவ்வொரு கிராமும் மீதி ஐஸின் பங்கு வெப்பத்தையும் தானே வாங்கிக்கொண்டு போனது. உருகுவதற்கு ஒன்றிரண்டு கலோரி போதும் என்றிருந்தால் அந்தக் கப்பல் பாஸ்டன் துறைமுகத்தைத் தாண்டியதும் வெறும் தண்ணீரைத்தான் சுமந்திருக்கும்.

கடத்துதல் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மார்கழிக் காலையில் ஸ்டீல் டம்ளரைத் தொட்டால் சில்லென்று இருக்கும், பக்கத்தில் இருக்கும் மரப்பலகை அப்படி இருக்காது. இரண்டும் இரவு முழுவதும் ஒரே அறையில் கிடந்தவை, வெப்பநிலை ஒன்றே. ஸ்டீல் நம் விரலின் வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்கிறது, மரம் மெதுவாக. தோல் உணர்வது டிகிரியை அல்ல, வெப்பம் போகும் வேகத்தை. அதனால்தான் கையை வெப்பமானியாக நம்பக் கூடாது.

ஐஸ் ஹவுஸைப் பார்த்துவிட்டு ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மணலில் இறங்கினேன். காலை பதினோரு மணி. வெறுங்காலில் மணலில் நிற்க முடியவில்லை, எல்லோரும் அலையை நோக்கி ஓடினார்கள். தண்ணீர் குளுகுளுவென்று இருந்தது. மணலின்மேலும் கடலின்மேலும் அடிப்பது ஒரே வெயில். ஆனால் ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கலோரி வேண்டுமென்றால், ஒரு கிராம் மணலுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். இதைத்தான் தன் வெப்ப ஏற்புத்திறன் என்று பாடம் சொல்கிறது. போதாக்குறைக்கு, கடல் தன் வெப்பத்தை ஆழத்துக்கும் கலக்கிக்கொள்ளும். மணலில் மேல் அடுக்கு மட்டும் காயும்.

சூடான தரையின்மேல் காற்று லேசாகி மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடலின்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. அதுதான் கடற்காற்று. மே மாதத்தில் அது நண்பகலுக்குள் ஊருக்குள் நுழைந்துவிட்டால் சென்னை பிழைத்துக்கொள்ளும். மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று வலுத்து அதைத் தடுத்துவிட்டால் 40 டிகிரியைத் தாண்டும்.

"அப்ப ராத்திரியில?" என்று கேட்டாள், மணிக்கட்டில் கொப்புளம் ஆறி வடு மட்டும் தெரிந்த அந்தப் பெண். நான் வாயைத் திறப்பதற்குள் அயோத்திக்குப்பத்துப் பையன் முந்திக்கொண்டான். "ராத்திரி மணல்தான சீக்கிரம் ஆறும்? அப்ப காத்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிக்கும். எங்க தாத்தா இருட்டோட கட்டுமரத்துல பாய் விரிச்சா காத்தே கடலுக்குள்ள தள்ளிட்டுப் போயிடுமாம். மத்தியானம் அதே பாயை விரிச்சா கரையில கொண்டாந்து விட்டுருமாம்."